முகமோ சட்டையோ

1

இந்தக் கதைக்குக் காரணமான படத்தை நான் பார்த்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாராவது கண்டுபிடித்து எழுதினால் எனக்கு வெட்கமாக இருக்கும்.

சந்தை நாட்களில் ஜெர்மனியில் நான் இருக்கும் வைலன்பாக் நகரத்தின் பொதுக் கழிப்பறைக்கு முன்னால் கூட்டம் நெரியும். ஊர் அருங்காட்சியகத்தின் கழிப்பறையில் ஒரு குருவிகூட இருக்காது. அங்கே வாசலில் உட்கார்ந்திருக்கும் காவலாளி அம்மா, நான் கலையில் தீராத ஆர்வம் உள்ளவன் என்று பல வருடங்களாக நம்பிக்கொண்டிருக்கிறார். கழிப்பறைக்குப் போகும் நடையின் இரண்டு பக்கமும் பழைய நகரசபைக்காரர்கள் எண்ணெய் வண்ணத்தில், கறுப்பு உடையில், எல்லோருக்கும் ஒரே நாளில் பல்வலி வந்ததுபோலத் தொங்குகிறார்கள். அவர்களுக்கு நடுவே ஒருநாள் வெறும் ஆணி ஒன்றைக் கண்டேன். ஆணிக்குக் கீழே ஓர் அட்டை:

‘ஒரு பெண். தோல்தாளில் நீர்வண்ணம். பதினாறாம் நூற்றாண்டின் கடைசி. பல நிறங்கள்.’

படம் சுத்தம் செய்யப் போயிருக்கிறது, எப்போது திரும்பும் என்று கடவுளுக்கும் தெரியாது என்றார் காவலாளி அம்மா. நல்ல எழுத்தாளன் என்றால் காத்திருந்திருப்பான். நான் வீட்டுக்கு வந்து எழுதத் தொடங்கிவிட்டேன்.

(‘பல நிறங்கள்’ என்று எழுதியவரை நினைத்துப் பார்க்கிறேன். சிவப்பு என்று தொடங்கி, மஞ்சள், பச்சை என்று போய், அட்டையில் இடம் போதாமல் அலுத்துப்போயிருக்க வேண்டும். அந்த அலுப்புத்தான் என்னைப் பிடித்துக்கொண்டது.)

2

முதல் தொடக்கம்: ‘ஸ்வேபிய நாட்டின் சுதந்திர நகரமான வைலன்பாக்கில், பனி மூடிய ஒரு காலைப்பொழுதில், பேரழகி ஒருத்தி —’

விட்டுவிட்டேன். பேரழகியாக இருந்தால் எண்ணெய் வண்ணத்தில் வரைந்திருப்பார்கள்.

இரண்டாம் தொடக்கம்: ‘அவளுடைய கண்களில் ஆழங்காண முடியாத சோகம் —’

படத்தையே பார்க்கவில்லை. கண்ணில் என்ன இருந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்?

மூன்றாம் தொடக்கம்: ‘அப்போலோனியா குடல் கழுவிக்கொண்டிருந்தாள்.’

இது நின்றது. பெயர் மட்டும் நீளம். எழுதி முடிப்பதற்குள் குடல் வெந்துவிடும். அவளுடைய ஊரே அவளைப் பொலோனி என்றுதான் கூப்பிட்டது. நானும் அப்படியே கூப்பிடுகிறேன்.

முதல் வரைவில் பொலோனிக்கு ஒரு கணவன் இருந்தான். அவன் அடுப்படியில் உட்கார்ந்து தும்மினான். அடுத்த பக்கத்திலும் தும்மினான். கதைக்கு வேறெந்த உபகாரமும் செய்யவில்லை. [கணவனைக் காய்ச்சலில் கொல்லவும்.] கொன்றாயிற்று. அவனுடைய தமக்கை ஒட்டிலியாவை மட்டும் கதையில் வைத்துக்கொண்டேன். ஏன் என்று பிறகு தெரியும்.

இன்னொன்று. என் பாத்திரங்கள் யாழ்ப்பாணத் தமிழில் கதைப்பார்கள். ஸ்வேபியாக்காரர் வாயைத் திறந்தாலே மற்ற ஜெர்மன்காரர் சிரிப்பார்கள். நாங்கள் வாயைத் திறந்தால் சென்னைக்காரர் சிரிப்பார்கள். ஆகவே கணக்குச் சரி. எங்கள் பக்கம் ‘சட்டை’ என்றால் பெண்கள் உடுத்தும் நீண்ட உடுப்பு என்பதையும் இங்கேயே சொல்லிவைக்கிறேன். கதை முழுக்க அதைப் பற்றித்தான்.

3

பொலோனி ஆற்றில் குடல் கழுவிக்கொண்டிருந்தாள். சாயக்காரர் முற்றத்துக்குச் சற்றுக் கீழே. நல்ல தண்ணீர் மேலே ஓடியது. அது இறைச்சிக்காரருக்கும் மீன்காரருக்கும். குடல்காரிக்குக் கிடைத்தது சாயக்காரர் விட்ட மிச்சம். அவர்கள் நீலம் தோய்த்தால் ஆறு நீலமாக வரும். மஞ்சள் தோய்த்தால் மஞ்சளாக வரும். சிவப்பு அபூர்வம், பெரிய வீடுகளில் கல்யாணம் வந்தால்தான். அப்படிப்பட்ட நாளில் பொலோனி வேண்டுமென்றே மெல்லக் கழுவுவாள். கைகளை மணிக்கட்டுவரை அமிழ்த்தி எடுத்து, வெயிலில் நீட்டிப் பிடித்துக்கொண்டு நிற்பாள். காய்ந்தபின் பார்த்தால் யாரோ சீமாட்டியின் கையுறையை மாட்டிக்கொண்டது போலிருக்கும்.*

[* என் மனைவி சலவை நிலையத்தில் வேலை செய்கிறவள். ஆற்றுத் தண்ணீரில் கரைந்து வரும் சாயம் கையில் அப்படிப் பிடிக்காது என்கிறாள். கதையில் பிடிக்கும் என்றேன். அப்படியானால் கதையிலேயே போய்ச் சாப்பிடு என்றாள்.]

வைலன்பாக்கில் அந்தக் காலத்தில் யார் என்ன நிறம் உடுக்கலாம் என்பதற்குச் சட்டம் இருந்தது. சிவப்பு பிரபுக்களின் பெண்களுக்கு. நீலம் வணிகரின் மனைவிகளுக்கு. ரொட்டிக்காரர், தச்சர் போன்றோரின் பெண்கள் மண்ணிறம் உடுத்து, ஞாயிற்றுக்கிழமை மட்டும் தலையில் ஒரு பச்சை நாடா கட்டிக்கொள்ளலாம். குடல்காரிக்கு நாடாவும் கிடையாது. சாம்பல் நிறம் மட்டும். பொலோனி சாம்பல் துணியில் சுற்றப்பட்டுப் பிறந்தாள், சாம்பல் சட்டையில் கல்யாணம் முடித்தாள். அவளுக்கு அதில் பெரிய கவலை இருந்ததாகத் தெரியவில்லை.

ஒருநாள் காலை ரொட்டியைக் கடித்தபோது முன்பல் ஒன்று ரொட்டியோடு போய்விட்டது. பொலோனி அதைக் கையில் வைத்து வெகுநேரம் பார்த்தாள். மற்றப் பற்களை நாக்கால் தடவினாள். எல்லாம் ஆடுவதாகத் தோன்றியது. மிச்சமும் போவதற்குள் ஒருதரம் தன்னைச் சிவப்பில் பார்த்துவிட வேண்டும் என்று அவளுக்கு ஓர் ஆசை வந்தது. பசி வருவதுபோல, முன்னறிவிப்பு இல்லாமல் வந்தது.

சட்டப்படி சிவப்பை உடுக்க முடியாது. ஆனால் வரையலாம் அல்லவா?

4

வெண்டல் என்ற இளைஞன் சந்தைக்குப் பின்னால் ஓர் அறையில் சீட்டுக்கட்டுகளுக்கு நிறம் பூசிப் பிழைத்து வந்தான். பொலோனி அவனிடம் போய், தன்னை ஒரு படம் கீறித் தரும்படி கேட்டாள். குளிர்காலம் முழுவதும் மத்தியானச் சாப்பாட்டுக்குச் சூடான குடல் கறி தருவதாகவும் சொன்னாள்.

வெண்டல் தயங்கினான். அதற்கு நியாயமான காரணம் இருந்தது. ஜெர்மன் சீட்டுக்கட்டில் ராணி கிடையாது. ராஜா உண்டு, அவனுக்குக் கீழே பெரிய படைத்தலைவன், சின்னப் படைத்தலைவன் என்று எல்லாம் ஆண்கள். வெண்டல் தன் வாழ்நாளில் ஒரு பெண்ணையும் வரைந்ததில்லை.

“எனக்குப் பொம்பிளையளைக் கீறிப் பழக்கமில்லை அக்கா,” என்றான்.

“எனக்கும் கீறுப்பட்டுப் பழக்கமில்லை,” என்றாள் பொலோனி. “ரெண்டு பேரும் பழகுவம்.”

முதல் படத்தைக் கொண்டுவந்து காட்டியபோது பொலோனி அதைத் தலைகீழாகவும் திருப்பிப் பார்த்தாள்.

“இதார் தம்பி? உங்கட மாமாவோ?”

“நீங்கள்தான் அக்கா.”

“ஏன் வாள் பிடிச்சுக்கொண்டு நிக்கிறன்?”

“அது அகப்பை.”

மீசையாகத் தெரிந்தது மூக்கின் நிழல் என்று வெண்டல் விளக்கினான். பொலோனி கோபிக்கவில்லை. மீசையை எடுத்துவிட்டு மறுபடி தொடங்கச் சொன்னாள்.

அந்தக் குளிர்காலம் முழுவதும் அவள் சாம்பல் சட்டையில் முக்காலியில் உட்கார்ந்தாள், அவன் குடல் கறி சாப்பிட்டபடி வரைந்தான். சட்டை அவனுக்குச் சுலபமாக வந்தது. ராஜாக்களுக்குப் பூசிய அதே கருஞ்சிவப்பு. கைகளில் வெட்டுவெட்டாக மஞ்சள், வெட்டுகளுக்குள் இருந்து பொங்கும் பச்சை, நீலத் தொப்பி, தொப்பியில் பக்கத்து வீட்டுச் சேவலைப் பார்த்து வரைந்த செம்மஞ்சள் இறகு. முகந்தான் அவனை வதைத்தது. பூசுவான், கழுவுவான், மறுபடி பூசுவான். பனி உருகத் தொடங்கிய ஒரு மதியம், பொலோனி பக்கத்து வீட்டு நாயை ஏதோ திட்டிவிட்டுத் திரும்பியபோது, பாதி கோபமும் பாதி சிரிப்புமாக, பல் போன இடத்தை நாக்கு தொட்டுக்கொண்டிருக்க, அந்த முகம் வந்து தாளில் உட்கார்ந்தது. வெண்டல் கறியை அப்படியே வைத்துவிட்டான். தன்னால் இது முடியும் என்று அவனுக்கே அதுவரை தெரியாது.

பொலோனி படத்தைப் பார்த்தாள். சாம்பல் சட்டையின் மடியில் கையைத் துடைத்தாள். மறுபடி துடைத்தாள். பிறகுதான் தொட்டாள்.

5

படத்தை வீட்டுக்குள் வைத்திருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். எனக்கும் வேலை மிச்சம். அவள் அதைச் சந்தைக்குக் கொண்டுபோய், தன் குடல் பலகைக்கு மேலே மாட்டிவிட்டாள்.

சந்தை திரண்டு வந்து பார்த்தது. மீன்காரி சிலுவை போட்டுக்கொண்டாள். முட்டைக்காரி, படத்தில் இருப்பது பிரபுவின் வீட்டு அம்மா என்று நினைத்து முழங்கால் மடித்து வணக்கம் வைத்தாள். பொலோனி அந்த வணக்கத்தைத் தலையசைத்து ஏற்றுக்கொண்டாள்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. கோயில் முடிந்து பச்சை நாடாவோடு வந்தாள் ஒட்டிலியா. பொலோனியின் செத்துப்போன கணவனின் தமக்கை, ரொட்டிக்காரரின் மனைவி.

[ஒட்டிலியாவைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம். முதல் வரைவில் அவளை வெறும் பொல்லாதவளாக எழுதினேன். உதடுகள் மெலிந்திருந்தன, கண்கள் இடுங்கியிருந்தன. அடுத்த நாள் படித்தபோது எனக்கே அலுத்துவிட்டது. பொல்லாதவள் ஒருத்திக்கு நாடா எதற்கு?]

அந்த நாடாவை ஒட்டிலியா வாரம் முழுவதும் ரொட்டி மாவுப் பெட்டியின் அடியில் மடித்து வைத்திருப்பாள். ஞாயிறு காலை அதைக் கட்டிக்கொண்டு நடக்கும்போது, நாடா இல்லாத தம்பி பெண்சாதிக்கு ஒரு படி மேலே தான் இருப்பது அவளுக்குக் கழுத்திலேயே தெரியும். இப்போது பொலோனியின் பலகைக்கு மேலே சிவப்பும் மஞ்சளும் நீலமும் செம்மஞ்சளும். பச்சை, கையின் வெட்டுகளுக்குள் சும்மா உள்ளுக்குப் போட்ட துணியாக எட்டிப் பார்த்தது.

“உது ஆரின்ரை படம் மச்சாள்?” என்று கேட்டாள்.

“என்ரை.”

“சட்டை?”

“அதுவும் என்ரைதான். தாளுக்கு உள்ளை மட்டும்.”

ஒட்டிலியா தலை நாடாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு போனாள். அடுத்த நாளே நகரசபைக்கு முறைப்பாடு போய்விட்டது.

6

சட்டம் சொன்னது இவ்வளவுதான்: ‘தனக்கு உரித்தல்லாத நிறத்தை உடுத்தி எவளும் மக்கள் முன் தோன்றலாகாது.’ மீறினால் சந்தையில் இருக்கும் இடம் போகும். இடம் போனால் குடல்காரி என்ன செய்வாள்? எனக்குத் தெரியவில்லை. பொலோனிக்கும் தெரியவில்லை. விசாரணை நாளன்று காலை அவள் சாப்பிடவில்லை என்று மட்டும் எழுதிவைக்கிறேன்.

நகரத்தலைவர் ஹீரோனிமுஸ் உயர்ந்த நாற்காலியில், மரநாய்த் தோல் வைத்த அங்கியில் உட்கார்ந்திருந்தார். இரண்டு பக்கமும் சபைக்காரர். ஒருவர் உறங்கிக்கொண்டிருந்தார், மிக மூத்தவர், அதற்கு அவருக்கு உரிமை உண்டு. மேசைமேல் படம்.

முதலில் பொலோனி அந்தச் சட்டையை உடுத்தினாளா என்று ஆராய்ந்தார்கள். உடுத்தவில்லை, உட்கார்ந்திருந்த நாளெல்லாம் சாம்பல்தான் என்றாள் அவள். வெண்டலும் சத்தியம் செய்தான். அப்படியானால் சிவப்புச் சட்டை எங்கே என்று கேட்டார்கள். எங்கேயும் இல்லை என்றான் வெண்டல். தைத்தவன் யார்? ஒருவரும் இல்லை. ஒருவரும் தைக்காத சட்டையை ஒருத்தி உடுத்தாமல் மக்கள் முன் தோன்றியிருக்கிறாள் என்று எழுத்தர் சுருக்கிச் சொன்னார். சொல்லிவிட்டு, தான் சொன்னதையே ஒருதரம் யோசித்தார்.

தலைவர் பொறுமை இழந்தார். நீர்வண்ணம் தானே, சட்டையை மட்டும் கழுவிவிடுங்கள், பிரச்சினை முடிந்தது என்றார். எல்லோரும் தலையசைத்தார்கள். ஒரு கிண்ணத்தில் தண்ணீரும் கடற்பஞ்சும் வந்தன.

வெண்டல் பஞ்சைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றான்.

“கழுவலாம் ஐயா. ஆனா கழுவினாப் பிறகு, இந்த அக்கா எதை உடுத்திக்கொண்டு நிப்பா?”

சபை படத்தைப் பார்த்தது. பிறகு பொலோனியைப் பார்த்தது. பிறகு கூரையைப் பார்த்தது. கூரையில் அழகான மரவேலை இருப்பதை அன்றுதான் பலர் கவனித்தார்கள். உறங்கிக்கொண்டிருந்த மூத்தவர் மட்டும் கண் விழித்து, கழுவிப் பார்த்தால்தானே தெரியும் என்றார். அவரை மறுபடி உறங்கச் சொன்னார்கள்.

சிவப்பின் மேல் மண்ணிறத்தைப் பூசு என்றார் தலைவர் அடுத்ததாக. வெண்டல் ஒரு சீட்டின் மூலையில் பூசிக் காட்டினான். சிவப்பின் மேல் மண்ணிறம் படிந்ததும் ஆழமான, பளபளப்பான, தடவிப் பார்க்கத் தோன்றும் ஒரு நிறம் வந்தது. சபை அந்தச் சீட்டைக் கைமாற்றிப் பார்த்தது. அச்சொட்டாகத் தலைவரின் அங்கியில் இருந்த மரநாய்த் தோலின் நிறம். சிவப்பாவது பிரபுக்களுக்கு. மரநாய்த்தோல் நகரத்தலைவர் ஒருவருக்கு மட்டும். தலைவர் அவசரமாக அந்தச் சீட்டைத் தன் அங்கிக்குள் போட்டுக்கொண்டார்.

[இந்த இடத்தில் நான் சற்று எழுந்து தேநீர் போட்டேன். அவர்களும் இடைவேளை எடுத்துக்கொண்டார்கள்.]

திரும்பி வந்து உட்கார்ந்தபோது தலைவரின் முகத்தில் தெளிவு இருந்தது. சட்டையில் குற்றம் இல்லை, முகத்திலும் குற்றம் இல்லை, இரண்டும் ஒரே தாளில் சேர்ந்ததுதான் குற்றம் என்று அவர் கண்டுபிடித்திருந்தார்.

“முகமோ சட்டையோ, ரெண்டிலை ஒண்டு இருக்கலாம்,” என்றார். “சட்டையைக் கழுவினா மிச்சத்தைத் துணியாலை மூடி வைக்கலாம். எது வேணுமெண்டு நீரே சொல்லும்.”

வெண்டல் பொலோனியைப் பார்த்தான். முகத்தைக் கேள் என்று அவன் கண் கெஞ்சியது. அந்த முகம் அவனுடைய குளிர்காலம். சபைக்கும் சந்தேகம் இல்லை. எந்தப் பெண் தன் முகத்தை விடுவாள்? எழுத்தர் ‘முகம்’ என்று எழுத மை தொட்டுவிட்டார்.

பொலோனி படத்துக்குப் பக்கத்தில் போய் நின்றாள். அது பாதி கோபமும் பாதி சிரிப்புமாக அவளைப் பார்த்தது. நல்ல முகந்தான். அவளுக்கே பிடித்திருந்தது. சட்டையைப் பார்த்தாள். ஆற்றில் அந்த நிறம் எப்போதும் ஓடிப் போய்க்கொண்டே இருக்கும். இங்கே அசையாமல் இருந்தது.

“முகத்தைக் கழுவுங்கோ ஐயா,” என்றாள். “முகம் என்னட்டை வேறை இருக்கு. சிவப்புத்தான் இல்லை.”

7

வெண்டல் கழுவ மறுத்துவிட்டான். பொலோனியே பஞ்சை வாங்கி, குடல் கழுவிப் பழகிய கையால், ஓரம் கசியாமல் தன் முகத்தைத் துடைத்தெடுத்தாள். தண்ணீர் இளஞ்சிவப்பாயிற்று. வெண்டல் அழுதான். தம்பி, சாப்பாடு ஆறுது, வாங்கோ என்று அவனைக் கூட்டிக்கொண்டு போனாள்.

இந்த இடத்தில் கதையை முடிக்க இரண்டு தரம் முயன்றேன்.

சோக முடிவு: ‘அன்று முதல் அவள் தன் முகமற்ற படத்தின் முன் அமர்ந்து, வெறுமையை —’ இல்லை. அவளுக்கு அடுப்பில் வேலை இருந்தது.

புரட்சி முடிவு: ‘நகரத்துப் பெண்கள் எல்லோரும் ஒரே குரலில் —’ வைலன்பாக்கில் நான் இத்தனை காலம் இருந்துவிட்டேன். இந்த ஊரில் ஒரே குரலில் ஒன்றும் நடப்பதில்லை.

உண்மையில் [இந்தச் சொல்லை மன்னிக்கவும்] நடந்தது சின்ன விஷயம். மீன்காரி ஒருநாள் பொலோனியின் சமையலறைக்குக் குடல் வாங்க வந்தவள், சுவரில் இருந்த படத்தைப் பார்த்து, முகம் இருந்த வெள்ளை வட்டத்துக்கு நேரே தன் முகத்தைக் கொண்டுபோய் வைக்கப் பார்த்தாள். அது எட்டவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்திருந்த வெண்டல் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்து, அந்த வட்டத்துக்குள் மீன்காரியின் முகத்தை மெல்லக் கீறினான். சிவப்புச் சட்டையில், நீலத் தொப்பியில், மீன்காரி. அவள் தன் மீன்கூடையின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். எவ்வளவு நேரம் அப்படி இருந்தாள் என்று சொல்லமாட்டேன். பிறகு வெண்டல் ரொட்டியின் உள்மாவைப் பிசைந்து, தேய்த்து, கரியை எடுத்துவிட்டான். வட்டம் மறுபடி வெள்ளையாயிற்று.

நகரசபையின் தீர்ப்பில் பொலோனியின் முகத்துக்குத்தான் தடை. மற்றவர்களின் முகத்தைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. யாராவது முறைப்பாடு செய்தால் ஒவ்வொரு முகத்துக்கும் தனித்தனியாகக் கூட வேண்டும். தலைவர் ஹீரோனிமுஸுக்கு அந்தக் கூரையை மறுபடி பார்க்க ஆசையில்லை.

அடுத்த நாள் முட்டைக்காரி வந்தாள். அதற்கடுத்து சாயக்காரர் முற்றத்துப் பெண்கள் வந்தார்கள். வாழ்நாளெல்லாம் சிவப்பைத் தோய்த்தும் ஒரு நூல் உடுத்தாதவர்கள். கூட்டம் சமையலறைக்குள் அடங்காமல் வெளியே போயிற்று. வெண்டல் கீறும் முகங்களில் இப்போது மீசை வருவதே இல்லை. பொலோனி எல்லோருக்கும் கதவைத் திறந்துவிட்டு, அகப்பையும் கையுமாக, வந்தவர்களின் முகம் ஒவ்வொன்றும் தன் சட்டைக்குள் போய் வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எந்த முகத்துக்கும் அது பொருந்தாமல் போகவில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் பொறாமை, நிறையப் பெருமை.

8

ஒரு புதன்கிழமை ஒட்டிலியா வந்தாள். நாடா இல்லை. புதன்கிழமைக்கு நாடா கிடையாது. சந்து வழியாக வந்து பின்கதவால் நுழைந்து, அடுப்புக்கு அந்தப் பக்கம் நின்றாள். பொலோனி கறியைக் கிண்டிக்கொண்டிருந்தாள். மச்சாள்மார் இருவரும் முறைப்பாட்டுக்குப் பிறகு பேசவில்லை.

ஒட்டிலியா முதலில் கறியில் உப்பைப் பற்றி ஏதோ சொன்னாள். ரொட்டி மாவின் தரம் கெட்டுவிட்டது என்றாள். தன் புருஷனின் முழங்காலைப் பற்றியும் சொன்னாள். கண் மட்டும் சுவரைவிட்டு நகரவில்லை. சட்டையின் கையில், மஞ்சள் வெட்டுகளுக்குள், பச்சையைப் பார்த்தாள். பிறகு மேலே, வெள்ளை வட்டத்தைப் பார்த்தாள்.

“அந்த இடம்,” என்றாள் கடைசியாக, குரலே இல்லாமல். “சும்மாதானே கிடக்கு மச்சாள்.”

பொலோனியின் கை நின்றது.

இதற்கு நான் எழுதிய பதில்கள்: அகப்பையை எறிகிறாள். [அடித்துவிட்டேன். நல்ல அகப்பை.] ஓடிவந்து கட்டிப்பிடிக்கிறாள். [என் மனைவி சிரித்த சிரிப்பில் அடித்துவிட்டேன்.] நீ செய்ததற்கு உனக்கு எப்படி மனம் வந்தது என்று கேட்கிறாள். [கேட்டால் ஒட்டிலியா அழுவாள். எனக்கு அழுகை எழுத வராது.]

பொலோனி, நான் எழுதிக் கொடுக்காமலேயே, அகப்பையைத் தூக்கி முன்வாசலைக் காட்டினாள்.

“வரிசை அங்கால நிக்குது மச்சாள். கடைசியிலை போய் நில்லுங்கோ.”

ஒட்டிலியா வாசலை எட்டிப் பார்த்தாள். வரிசை தெருமுனை திரும்பிப் போயிருந்தது. மீன்காரி இரண்டாம் தரம் வந்திருந்தாள். ஊரே பார்க்கும் இடம். ரொட்டிக்காரரின் மனைவி, நட்டநடுப் பகலில், குடல்காரி வீட்டு வாசலில், சாயக்காரிகளுக்குப் பின்னால்.

அவள் போய் நின்றாளா, பின்கதவால் திரும்பிப் போனாளா என்று என்னைக் கேட்காதீர்கள். அது உங்களுக்கு வாய்த்த மச்சாள்மாரைப் பொறுத்தது.